விரிக்க எடுத்துப் போன புடவை

அக்கா,

நேற்று விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பஸ்கள் வந்து நின்றன. பிள்ளைகளைப் பட்டணம் சுற்றிக் காட்ட அழைத்துப் போகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு தூக்குப் பாத்திரமோ இலைப் பொட்டலமோ இருந்தது. பாதிக்கு மேல் புளிச்சோறுதான். நல்லெண்ணெயில் தாளித்த மிளகாயும் பெருங்காயமும் டீசல் புகையோடு கலந்து மூக்கில் ஏறியபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"சார், நீங்களும் வாங்களேன். ஒருநாள் ஜாலியா சுத்திட்டு வரலாம்" என்றார் தலைமையாசிரியர். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவர். "எனக்குப் பட்டணம் ஒத்துக்காது சார்" என்று சொல்லிவிட்டு காலியான வகுப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வருஷா வருஷம் கேட்கிறார்கள். வருஷா வருஷம் இதே பதில்தான். ஏன் என்று அவர்களிடம் சொன்னதில்லை. உனக்குத் தெரியும். நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இனி இதைச் சொல்லாமலே தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

நாம் பட்டணம் போன காணும் பொங்கலைத்தான் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கம். நான் பட்டப்படிப்பு முடித்து ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். நம் தங்கை கோமளா பாவாடை தாவணியில் இருந்தாள். அம்மா போனதிலிருந்து நீதான் வீடு. கோமளாவுக்குத் தலை பின்னி, எனக்குச் சோறு கட்டி, நைனாவுக்கு வெந்நீர் வைத்து, மாட்டுக்குத் தவிடு கலக்கி, அதற்கு நடுவே உனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அதை நைனா மிகத் தாமதமாகத்தான் பார்த்தார். பார்த்த பிறகு அவசரப்பட்டார். ராஜகுளத்திலிருந்து வந்தார்கள், திருப்புட்குழியிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் சொஜ்ஜி தின்றுவிட்டு "வூட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. உன் முகத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் எதிரில் உட்கார்ந்ததும் நீ கல்லாகிவிடுவாய். கேட்டதற்குப் பதில் வராது. ஒருதரம் காபி தட்டோடு அப்படியே நின்றுவிட்டாய். ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரம்பூரில் இருந்த அத்தை அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னாள். பெண்ணுக்குத் தெரியாமல் காட்டிவிடுவது. நம் பக்கத்தில் புதிதில்லை. கோயிலில், திருவிழாவில், சொந்தக்காரர் கல்யாணத்தில் என்று நடப்பதுதான். பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது, யாருக்கும் தலைகுனிவு இல்லை. மாப்பிள்ளை பட்டணத்துக்காரன், பெரம்பூரிலேயே வீடு, சர்க்கார் ஆபீசில் வேலை. காணும் பொங்கலுக்கு நம் ஊர்க்காரர்கள் லாரி கட்டிக்கொண்டு பட்டணம் பார்க்கப் போவது வழக்கம்தானே. அந்தக் கூட்டத்தில் அவர்களும் வந்து, தூரத்தில் நின்று உன்னைப் பார்த்துக்கொள்வார்கள். நீ வேடிக்கை பார்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, இயல்பாக இருப்பாய். கல்லாக மாட்டாய். அத்தை போட்ட கணக்கு இது. நைனா தலையாட்டினார். உனக்குச் சொல்லவில்லை. எனக்கும் கோமளாவுக்கும் சொன்னால் உன் காதுக்கு வந்துவிடும் என்று எங்களுக்கும் சொல்லவில்லை.

போகிக்கு முன்னால் அத்தை வந்து உனக்கு ஒரு புடவை கொடுத்துவிட்டுப் போனது நினைவிருக்கும். மாம்பழக் கலர், அரக்குக் கரை. "காணும் பொங்கலன்னிக்கு இத்ததான் கட்டணும், ஆமா, சொல்லிட்டேன்" என்றாள். உனக்கு யார் கடைசியாகப் புதுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள் என்று நீயே யோசிக்க வேண்டியிருந்திருக்கும். நீ அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு எதுக்கு அத்தே இந்தக் கலரு" என்றாய். அந்தக் கலர்தான் அடையாளம். தான் கூட வந்தால் நீ சந்தேகப்படுவாய் என்று, மாம்பழக் கலர் புடவை கட்டியவள்தான் பெண் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

லாரி ரைஸ்மில்காரருடையது. அடியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்திருந்தார்கள். பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். நைனா டிரைவர் பக்கத்தில். அவர் அங்கே உட்கார்ந்ததையும் நான் பிறகு நிறைய நாள் நினைத்ததுண்டு. பின்னால் உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பாரோ. பார்த்திருக்க மாட்டார். பெண்பிள்ளைகள் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று அவர் ஆயுசுக்கும் கவனித்தவர் இல்லை.

செங்கல்பட்டு வருவதற்குள்ளேயே கோமளாவுக்குத் தலை சுற்றிவிட்டது. லாரி ஆட்டமும் கருப்பஞ்சாறும் சேர்ந்து, தாவணி பாவாடை எல்லாவற்றிலும் வாந்தி எடுத்துவிட்டாள். எதிர்வீட்டு முனியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "யம்மா, பட்டணம் வர்றதுக்குள்ள இது கொடல வெளிய போட்டுடும் போல கீதே. உயிர் காலேஜுல இத்தயும் சேத்துக் காட்டுவாங்க" என்றாள். மிருகக்காட்சி சாலையைத்தான் சொன்னாள். லாரியே சிரித்தது. கோமளா அழுதாள்.

ஏரிக்கரையில் லாரியை நிறுத்தினார்கள். நீ அவளைக் கூட்டிக்கொண்டு புதர் மறைவுக்குப் போனாய். திரும்பி வரும்போது மாம்பழக் கலர் அவள் மேல் இருந்தது. நீ, கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட மணலில் விரிப்பதற்காக மூட்டையில் எடுத்து வைத்திருந்த பழம்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாய். வெளுத்துப்போன பச்சை. முந்தானையில் மஞ்சள் கறை. இடுப்புப் பக்கத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"அது வயசுப் பொண்ணுடா. பட்டணத்துல நாலு பேரு பாக்கற எடத்துல பழசக் கட்டிக்கினு நிக்கலாமா? என்னை எவன் பாக்கப் போறான்" என்று சொல்லிவிட்டு, அவள் தாவணியை ஏரித் தண்ணீரில் அலசி லாரி சங்கிலியில் கட்டிக் காயவிட்டாய்.

என்னை எவன் பாக்கப் போறான். நீ சொன்ன அந்த வார்த்தையை நான் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பட்டணத்துக்குள் நுழைந்ததும் நீ ஆளே மாறிவிட்டாய். நம் ஊர்ச் சனம் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். படித்தவன் என்பதால் நான் அந்தப் பேச்சைத் திருத்திக்கொண்டே வந்தேன். நீ காதில் வாங்கவில்லை. முதலில் செத்த காலேஜ். எங்கே பார்த்தாலும் மாட்டுவண்டி, லாரி, கரும்பு, குழந்தைகளின் அழுகை. சுற்று வட்டாரத்து ஊர்களெல்லாம் அங்கேதான் இருந்தன. நைனா நம்மை உள்ளே விட்டுவிட்டு, "நீங்க பாத்துக்கினு இருங்க, நான் இங்கியே நிக்கறேன்" என்று வாசல் மரத்தடியில் நின்றுகொண்டார். அன்று அவர் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டிருந்தது ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்றுகொண்டு நீ அண்ணாந்து பார்த்தாய். "இம்மாம் பெரிய மீனா? இத்த எந்தச் சட்டியில கொழம்பு வச்சிருப்பாங்க?"

"அது மீன் இல்லக்கா. குட்டி போட்டுப் பால் குடுக்கற ஜாதி."

"அப்ப பாவம்" என்றாய். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கோமளா சிரித்தாள். நீயும் சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அத்தையின் கணக்கு அந்த ஒரு விஷயத்தில் சரியாகத்தான் இருந்தது.

நான் பக்கத்துக் கூடத்தில் செப்புச் சிலைகளைப் பார்க்கப் போய்விட்டேன். கீழே எழுதியிருப்பதை ஒன்று விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு. திரும்பி வந்தபோது, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாளும் கண்ணாடி போட்ட ஒரு வாலிபனும் உங்களை விட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். வாலிபன் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தில் யாரோ என்று விட்டுவிட்டேன். என்ன நடந்தது என்று நீதான் லாரியில் ஏறும்போது சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்த அம்மாள் கோமளாவின் மோவாயைத் தொட்டு, எந்த ஊரு, எவ்வளவு படிச்சிருக்க என்று கேட்டிருக்கிறாள். கோமளா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்ள, எல்லாவற்றுக்கும் நீயே பதில் சொல்லியிருக்கிறாய். நல்லா சமைப்பா, கோலம் போடுவா, கொரலு நல்லா இருக்கும் என்று அவளைப் பற்றி ஒரு பாட்டம். கடைசியில் அவள் உன்னை மேலும் கீழும் பார்த்து, "நீ யாரும்மா, இவங்க வூட்டுல வேலைக்கு கீறியா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீ இன்னா சொன்னே?" என்றேன்.

"இன்னா சொல்றது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி. இவ மூஞ்சியப் பாத்தேன், இவளும் ஒண்ணும் பேசல. சரி, பெரிய வூட்டுப் பொண்ணுன்னு நெனச்சிக்கினு போவட்டும்னு வுட்டுட்டேன்."

கோமளா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உயிர் காலேஜ் போனோம். நீ சிங்கத்தைப் பார்க்கவில்லை, அதற்குக் கறி வெட்டிக்கொண்டிருந்த ஆளைத்தான் பார்த்தாய். "தெனம் இவுருதான் போடுவாரா? லீவு போட்டா?" என்று கேட்டாய். அந்த இடம் இப்போது அங்கே இல்லை, அக்கா. மிருகங்களை எல்லாம் வண்டலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளைகளை நேற்று அங்கேதான் முதலில் இறக்கியிருப்பார்கள்.

சாயங்காலம் கடற்கரை. விரிக்கப் புடவை இல்லாததால் வெறும் மணலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். நைனா அன்று வேறு மனிதராக இருந்தார். சுண்டல் வாங்கினார், ஐஸ் வாங்கினார். உனக்கு வளையல்காரியிடம் தானே கை காட்டி வளையல் போடச் சொன்னார். "நல்லா பாத்தியாம்மா எல்லாத்தையும்?" என்று உன்னிடம் கேட்டார். "பாத்தேன் நைனா" என்றாய். "சரி சரி, சந்தோசமா இரு" என்றார். மியூசியம் வாசலில் மாப்பிள்ளையின் தாய் தூரத்திலிருந்து அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காரியம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். நம்மோடு பட்டணம் பார்க்க வந்ததால் அவருக்குச் சந்தோஷம் என்று நீ நினைத்துக்கொண்டாய். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாய். ஓர் அலை வந்து உன் பழம்புடவையை இடுப்பு வரை நனைத்தது. நீ விலகவில்லை.

அந்த நாளோடு எல்லாம் முடிந்திருக்கலாம். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நமக்கு ஒன்றுமே தெரியாமல் போயிருக்கும்.

அடுத்த வாரம் அத்தை தட்டில் பழமும் பூவுமாக வந்து இறங்கினாள். நாம் எல்லாரும் கூடத்தில் இருந்தோம். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, புடிச்சிப் போச்சாம். மூக்கும் முழியுமா லட்சணமா கீறான்னு அந்தம்மா ஒரே புகழ்ச்சி. வயசே தெரியலியாம். பையனும் சரின்னுட்டான். கொஞ்சம் கூச்சம் ஜாஸ்தி, வாயே தொறக்கல, கூட வந்த வேலைக்காரிதான் பொறிஞ்சி தள்ளினான்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. யாரு அண்ணா, வேலைக்காரிய வேற இட்டுக்கினு போனீங்களா?"

நைனா புரியாமல் விழித்தார். நீ அவளுக்குத் தண்ணீர் எடுத்து வந்து நின்றிருந்தாய். சொம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, சோறு கருகிப்போனதைச் சொல்கிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னாய்: "அத்தே, அந்தப் பொடவைய வழியில கோமளாவுக்குக் குடுத்துட்டேனே."

அத்தை தண்ணீர் குடிக்கவில்லை. சொம்பைத் தரையில் வைத்தாள்.

பிறகு அவர்கள் பேசியது எல்லாம் உன் எதிரில்தான் நடந்தது. உன்னை உள்ளே போ என்றுகூடச் சொல்லவில்லை. "இப்ப போயி அது இல்ல, இதுன்னு சொன்னா, பொண்ண மாத்திக் காட்டி ஏமாத்தப் பாத்தோம்னு சொல்லுவாங்க" என்றாள் அத்தை. "சர்க்கார் உத்தியோகக்காரன் அண்ணா. வுட்டா மறுபடி கெடைக்குமா? எப்படியும் சின்னதுக்கும் ஒருத்தனத் தேடணும்தானே."

"பெரிசு நிக்கும்போது சின்னதக் குடுத்தா ஊரு இன்னா சொல்லும்?" என்றார் நைனா. அவர் கேட்டது ஊரைப் பற்றி. உன்னைப் பற்றி இல்லை.

"நானே பெரம்பூர் போயி நடந்தத நடந்தபடி சொல்லிட்டு வரேன். நல்லவங்களா இருந்தா அக்காவ வந்து பாப்பாங்க. இல்லன்னா போவட்டும்" என்றேன் நான்.

"நீ படிச்சவன். உனக்கு எல்லாம் லேசு. குந்து" என்றார் நைனா.

அப்போதுதான் நீ பேசினாய். "தம்பி சும்மா கெட. நைனா, கோமளாவையே குடுங்க. புடிச்சிப் போனது புடிச்சிப் போனதா இருக்கட்டும்."

உன் குரல் நடுங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எதிரில் வராத பேச்சு உனக்கு அங்கே வந்தது. அவர்களுக்கு அது போதும். அன்றிலிருந்து நைனாவும் அத்தையும் சாகும்வரை அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். யார் கேட்டாலும் "அதுவே சொல்லிடுச்சி", "அவளே வாயத் தொறந்து குடுங்கன்னுட்டா". உன்னை யாரும் நீ நிஜமாகச் சொல்கிறாயா என்று இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஒரு ராத்திரி பொறுத்துக் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டில், மூத்தவள் இருக்கிறாளாமே என்று விசாரித்தபோது, "அதுக்குக் கல்யாணத்துல இஷ்டம் இல்லீங்க, சாமி பக்தி" என்று அத்தை சொல்லிவிட்டாள். அந்தப் பொய் பெரம்பூரிலிருந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதன்பிறகு உன்னைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. நீ நல்லெண்ணெய் விளக்கு ஏற்றக்கூட சோம்பல்படுகிறவள் என்பது எனக்குத்தான் தெரியும்.

கல்யாணத்தில் நீ அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சம்பந்தியம்மாள் தண்ணீர் கேட்டு வந்தவள் உன்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அட, நீயா? அக்காவா? நான் வேலைக்காரின்னு இல்ல நெனச்சிக்கினேன்" என்று வாயில் கை வைத்தாள். "பரவாயில்லம்மா. வேலை செய்யிறவதானே" என்றாய். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் சாமர்த்தியமான பேச்சை மெச்சிக்கொண்டார்கள்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு அக்கா. செத்தவர்களிடம் சொல்லக்கூடாது என்பார்கள், நான் சொல்கிறேன். கோமளாவின் பிரசவங்களுக்குப் போனாய். அவள் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாய். நைனா படுக்கையில் விழுந்தபோது மலஜலம் அள்ளினாய். ஊர்க் கல்யாணங்களில் மஞ்சள் இடிக்கச் சுமங்கலிகளைக் கூப்பிடும்போது மட்டும் புழக்கடைப் பக்கம் போய் ஏதாவது பாத்திரத்தைத் தேடுவாய். பிறகு முட்டி வலி என்று சொல்லிக் கல்யாணங்களுக்கே போவதை நிறுத்திவிட்டாய். ஆனால் யார் மேலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் நைனாவோடு பேசாமல் இருந்தபோது என்னைத்தான் திட்டினாய். கோமளா வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றபோதும் என்னைத்தான்.

"உனக்கின்னாடா வந்துச்சி? எனக்குக் கல்யாணம் ஆவலன்னா நான்தானே அழுவணும்?"

"நீதான் அழுவமாட்டேன்றியே."

"நான் அழுவலன்னா நீ அழுதுடுவியா? போடா. பேஜார் புடிச்சவன்."

என் பெண்டாட்டிக்கு இதெல்லாம் கேட்டு வேடிக்கையாக இருக்கும். வந்த புதிதில் அவள் உன்னை வேண்டாதவளாகத்தான் பார்த்தாள். கடைசியில் உனக்கு நாஷ்டா கொடுக்காமல் அவள் வாயில் வைத்ததில்லை. அந்த வரையில் அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், அந்த ஏரிக்கரையில் கார் போனபோது நீ கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாய். பேசுவாயோ என்று குனிந்தேன். "அன்னிக்கு நைனா எவ்ளோ சிரிச்சாரு இல்ல?" என்றாய். நான் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கோபத்திலா, துக்கத்திலா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் நீ இல்லை.

இதை உனக்கு எழுத இன்னொரு காரணமும் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை கோமளா வந்தாள். அவள் மகள் பெரியவளாகிவிட்டாள். சடங்கு வைக்க வேண்டும். தாய்மாமன் சீர் நான் கொண்டுபோக வேண்டும். அதைக் கேட்க மட்டும் வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, அக்கா என் கனவுல வருது. ஒண்ணும் பேசல, வந்து நிக்குது. குறி கேட்டுப் பாத்தோம். கன்னியாப் போனது பூவாடைக்காரியா வந்து நிக்குதுன்றாங்க. நல்ல காரியத்துக்கு முன்னாடி பொறந்த வூட்டுல புடவை வச்சிப் படைக்கணுமாம். பட்டுப் புடவையா நானே எடுத்துக்கினு வரேன். நீ வூட்டுல எடம் மட்டும் குடு."

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணைத் தெய்வமாக்கி, வேண்டிய நேரத்தில் கூப்பிட்டுப் பூவும் புடவையும் வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்று என்று கேட்பது நம் வீடுகளில் உள்ளதுதான். நானும் சின்ன வயதில் அந்தப் படையல் பொங்கலைத் தின்றிருக்கிறேன். எந்தப் பெண்ணின் பெயரால் தின்றோம், அவள் ஏன் கன்னியாகப் போனாள் என்று அப்போது கேட்டதில்லை.

நான் கோமளாவிடம் ஒன்றுதான் கேட்டேன். "அன்னிக்கு மியூசியத்துல, வேலைக்காரியான்னு அந்தம்மா கேட்டப்ப, எங்க அக்கான்னு நீ ஏன் சொல்லல?"

அவள் முகம் சுண்டிப்போனது. விரலில் சுற்றிய முந்தானையை அவிழ்த்துக்கொண்டே, "கூச்சமா இருந்துச்சிண்ணா" என்றாள். "அந்தம்மா அம்மாம் பட்டுக் கட்டிக்கினு நிக்குது. அக்கா ஒட்டுப் போட்ட பொடவையில நின்னுச்சி. எங்க அக்கான்னு சொல்ல வாய் வரல. எனக்கு அவங்க யாருன்னு தெரியாதுண்ணா. சத்தியமா தெரியாது."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. யாராக இருந்தாலும் கூசியிருக்கலாம். அதையும் நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவள் சொல்லியிருந்தால், "அக்காவா? அப்ப நீதான் மூத்தவளா?" என்று அந்த அம்மாள் அங்கேயே கேட்டிருப்பாள். திமிங்கலத்தின் கீழே, நீ சிரித்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்திலேயே, உன்னை அவர்கள் பார்த்திருப்பார்கள். பிடித்திருக்குமோ இல்லையோ. பார்த்தாவது இருப்பார்கள்.

"சீர் கொண்டுவரேன். படையல் இந்த வூட்டுல கெடையாது" என்றேன்.

"அக்கா மன்னிச்சிட்டுதுண்ணா. எப்பவோ மன்னிச்சிட்டுது. உன்னாலதான் முடியல."

"தெரியும்" என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். என் பெண்டாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உன்னைத் தெய்வமாக்கிவிட்டால் அவர்களுக்கு எல்லாம் நேராகிவிடும். தெய்வத்துக்கு வயது கிடையாது, முட்டி வலி கிடையாது, மஞ்சள் இடிக்கிற இடத்திலிருந்து நழுவிப் போக வேண்டிய அவசியம் கிடையாது. படைத்துக் கும்பிட்டால் வாங்கிக்கொண்டு ஆசீர்வதிக்கும். நீ உயிரோடு இருந்தபோதும் அதைத்தான் செய்தாய், செத்த பிறகும் செய் என்கிறார்கள். நீயும் செய்வாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால்தான் நான் படைக்க விடவில்லை. சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு போவேன், தாய்மாமனுக்கு உண்டான இடத்தில் நிற்பேன், சாப்பிடாமல் திரும்பி வருவேன். ஊரில் என்னைக் கடுகடுப்பானவன் என்பார்கள், சொல்லட்டும். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். அவளுக்குக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை இருந்தது. அது அவளுக்கு நடக்கவில்லை. இது இவ்வளவுதான், இதில் தெய்வம் எதுவும் இல்லை. இதை இப்படியே தெரிந்துவைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான் மிச்சம். நான் இருக்கும்வரை இது இப்படியே இருக்கும்.

உன் தம்பி